இரண்டு குதிரை, ஒரு ஜோடி

டக்டக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெருவில் ஒருவருக்கும் நினைவில்லை. காலையில் பால் கொதிக்கும்போதே அவள் வீட்டு முன்னறையிலிருந்து சுத்தியல் சத்தம் கிளம்பிவிடும். பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. ஆண்கள் போடும் தோல் ஷூக்களை அளவெடுத்துக் கையாலேயே தைத்துக் கொடுப்பவள். நல்ல தோலைக் கண்டுவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. மற்றவர்கள் நகைக்கடை வாசலில் நிற்பதுபோல அவள் தோல்மண்டி வாசலில் நிற்பாள். அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். "தோலைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிச்சதில்ல" என்பார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கொழுந்தன் வந்தான். வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றில் கீழ்த்தளக் காபி கவுண்டரில் வேலை. கல்லூரியில் படிக்கும்போது நடந்த பைக் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்தியிருந்தான். நடையை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவுக்கு நடந்து நடந்து பழகியிருந்தான். ஆனால் ஷூ காட்டிக்கொடுத்துவிடும்.

"இதைப் பாருங்க அண்ணி" என்று பழைய ஜோடியை மேஜைமேல் வைத்தான். வலது ஷூ விரல் மடங்கும் இடத்தில் சுருங்கி, விளிம்பில் விரிந்து, நன்றாக உழைத்திருந்தது. இடது ஷூ நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. அதற்குள்ளே மடங்கவும் வியர்க்கவும் கால் ஏது.

முன்பு வேலை பார்த்த ஹோட்டலில் இந்த ஷூவால்தான் மாட்டிக்கொண்டான். கூட வேலை செய்தவன் ஒருவன், "என்னடா, ஒரு கால்லயேவா நடக்கிறே?" என்று விளையாட்டாகக் கேட்க, விஷயம் வெளியே வந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் பாவம் பார்த்தார்கள். மறுவாரமே அவனை ஹாலிலிருந்து எடுத்து, உள்ளறையில் நாற்காலி போட்டு ஸ்பூன் துடைக்க உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே உட்காரப் பிடிக்காமல்தான் வேலையை விட்டான்.

"இப்போ மாடியில விருந்து ஹால் கட்டிட்டு இருக்காங்க அண்ணி. எனக்கு அங்க போகணும். மேனேஜர் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு நகம், காலர், ஷூ எல்லாம் பார்ப்பாராம். புது ஷூ போட்டுட்டு வந்தா வெளியே அனுப்பிடுவாராம். புது ஷூ வழுக்கும், சத்தம் போடும்னு. பழகின ஷூதான் வேணும்."

"பழகினதுன்னா உனக்கு ஒண்ணுதான் பழகும்."

"அதான் அண்ணி கேக்கிறேன். ரெண்டும் சேர்ந்து பழசாகணும். முடியுமா?"

இப்படி ஒரு ஷூவை யாரும் அவளிடம் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. ஒரு ஜோடிக்கு ஒரே தோல் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைக் கிழித்துப் போட்டால் என்ன? சீக்கிரம் பழகும் தோலை இடது காலுக்கும், லேசில் பழகாத தோலை வலது காலுக்கும் கொடுத்தால் என்ன? சின்னவன் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தோல்மண்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

இதற்கு அவள் மனதில் இருந்தது ஷெல் கார்டோவன். குதிரையின் பின்பக்கத் தோலுக்குள் கெட்டியாக ஒரு படலம் இருக்கும். இழைத்து இழைத்துத்தான் அதை வெளியே கொண்டுவர முடியும். ஒரு குதிரைக்கு இரண்டே துண்டு. பதனிட மாதக்கணக்கில் ஆகும். உலகத்தில் அதைச் செய்யும் தோல் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாட்டுத்தோல் மடங்கினால் கீறல் கீறலாகச் சுருங்கும். இது சுருங்காது, குளத்து நீர்போல அலை அலையாக உருளும். அந்த அலை எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது ஆலைக்கு ஆலை மாறும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பாக்கியம் இதுவரை வாய்க்கவில்லை. மண்டிக்காரர் கறுப்பில் மூன்று நாட்டு ஆலைகளின் துண்டுகளை எடுத்துப் போட்டபோது அவளுக்கு வாயெல்லாம் பல்.

வீட்டுக்கு வந்ததும் மூன்றுக்கும் பெயர் வைத்தாள். பழம்பெரும் ஆலையின் தோல், எண்ணெயை வயிறுமுட்டக் குடித்துவிட்டுத் தளதளவென்று இருந்தது. அதற்குப் பெரியவர் என்று பெயர். இன்னொன்று கண்ணாடிக் கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்கியது, வளைத்தால் வளைய மறுத்தது. அதற்கு யோசிக்காமல் மாமியார் என்று வைத்துவிட்டாள். மூன்றாவது, பேர் தெரியாத ஒரு சின்ன ஆலையிலிருந்து வந்தது. பளபளப்பு குறைவு, எண்ணெயும் குறைவு. கையாலேயே நீவி நீவி மிருதுவாக்கியிருந்தார்கள். அது புதுசு.

எது எப்படி மடங்குகிறது என்று பார்க்க ஒரு வழி செய்தாள். வீட்டில் மிதி தையல் மெஷின் ஒன்று இருந்தது. அதில் தைப்பவர் அவள் மாமியார், அதாவது நிஜ மாமியார். தலையணை உறைகள் தைத்துக் கடைக்குக் கொடுப்பவர். ஒவ்வொரு தோலிலும் ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையை மெஷினின் சட்டத்திலும் மறுமுனையை மிதிபலகையிலும் இறுக்கிவிட்டாள். மாமியார் மிதிக்க மிதிக்கப் பட்டைகள் மடங்கி நிமிர்ந்தன. அவள் தரையில் படுத்தபடி, கையில் டார்ச்சோடு வேடிக்கை பார்த்தாள்.

"பெரியவர் அதுக்குள்ள இளகிட்டார். மாமியார் கொஞ்சம்கூட மசியல" என்று ஆர்வத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

மிதித்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. "யாரும்மா மசியல?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தோல் அத்தை. தோலுக்கு ஒரு பேரு வச்சேன்."

"எந்தத் தோலுக்கு?"

"இருக்கிறதிலேயே ரொம்ப உறுதியான தோலுக்கு."

மாமியார் சற்று யோசித்தார். "மிதிக்கிறது நான்தானே. மசியுதா இல்லையான்னு பார்த்துடறேன்" என்றார். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தலையணை உறைகள் தைத்து முடிந்தன.

முடிவு தெளிவாக இருந்தது. இடது காலுக்குப் பெரியவர், வலது காலுக்கு மாமியார். டக்டக் அக்கா வேறு வேலை எதையும் தொடாமல் அந்த ஜோடியைத் தைத்தாள். அடுப்பில் வைத்தது தீய்ந்தது, கணவர் வாய் திறக்காமல் ரொட்டி வாங்கிவந்தார். சின்னவன் போட்டுப் பார்த்தான். கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். வீடே கல்யாண வீடுபோல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தான். இடது ஷூவில் மாவு தூவினதுபோல வெள்ளைப் புகை படிந்திருந்தது. "தினமும் காலையில துடைக்கிறேன் அண்ணி. மறுநாள் திரும்ப வந்துடுது. வலதுல ஒண்ணுமே இல்ல. முன்னயாவது சந்தேகப்பட்டுக் கேட்டாங்க. இதைப் பார்த்தா கேக்கவே வேணாம்."

அக்கா துடைத்துப் பார்த்தாள். எண்ணெய்தான். பெரியவர் குடித்த எண்ணெய் வெளியே வந்து உறைந்திருந்தது. அப்படியானால் அது எல்லாருடைய ஷூவிலும் அல்லவா உறைய வேண்டும்? மற்றவர்கள் ஷூவில் ஏன் தெரிவதில்லை? யோசித்துக்கொண்டே ஷூவுக்குள் கையை விட்டாள். உள்ளே குளிர்ந்திருந்தது. அவன் அப்போதுதான் கழற்றிய வலது ஷூவுக்குள் கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

பளார் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். மெஷினில் மடக்கிப் பார்த்தவள், காலுக்குச் சூடு உண்டு என்பதை மறந்துவிட்டாள். உயிருள்ள கால் அந்தச் சூட்டிலேயே எண்ணெயை இளக்கித் தோலோடு சேர்த்துவிடும். செயற்கைக் காலில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? தோலை எல்லாம் ஒப்பிட்டாளே தவிர, காலை ஒப்பிடவில்லை. தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பிழை எங்கே என்று பிடிபட்ட சந்தோஷம் அந்த எரிச்சலை மென்று விழுங்கிவிட்டது. "அத்தை, உங்க வெந்நீர்ப் பை எங்க இருக்கு?" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

மறுபடி மிதிபலகை. இந்த முறை மாமியார் பட்டையை வெந்நீர்ப் பையோடு சேர்த்துக் கட்டினாள். பெரியவரையும் புதுசையும் சூடில்லாமல் மடங்கவிட்டாள். சூடு பட்டதும் மாமியார் மெல்ல மெல்லத் தளர்ந்து அலை காட்டியது. பெரியவர் குளிரில் வெளுத்தார். புதுசுக்கு வெளுக்க எண்ணெய் இல்லை. அது பாட்டுக்கு மெத்தென்று உருண்டு, மாமியார் பக்கத்தில் அதே அலையோடு கிடந்தது. அக்கா தரையில் படுத்தபடியே கைதட்டினாள். குனிந்து பார்க்க இடுப்பு வலித்ததால், என்ன தெரிகிறது என்று நிஜ மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

புதுசில் வேறொரு இடது ஷூ தைத்தாள். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. கறுப்பிலும் கறுப்பு உண்டு. புதுசின் கறுப்பில் ஒரு நீலம் ஓடியது, மாமியாரின் கறுப்பில் ஒரு பழுப்பு. வெயிலில் ஒருமுறை, ட்யூப்லைட்டில் ஒருமுறை என்று வாசலுக்கும் அறைக்கும் நடந்து, பாலீஷை மாற்றி மாற்றிப் பூசி, இரண்டையும் ஒரே கறுப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அதன்பிறகு சின்னவன் வரும் ஞாயிறுகளில் எல்லாம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஷூ இரண்டும் மேஜையில் ஏறும். ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்ப்பார்கள். மாதங்கள் போகப் போக வலதில் ஓர் அலை வந்தால் இடதிலும் ஓர் அலை வந்தது. கணவர்கூட ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "எது எந்தக் கால்னு வளைவை வச்சுத்தான் சொல்ல முடியுது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான வாக்கியம் வந்ததே பெரிய விஷயம்.

புது ஹாலுக்கு ஆள் எடுக்க, மேனேஜர் ஒத்திகையாக ஒரு பகல் விருந்து வைத்தார். சின்னவன் சமையலறை ஆட்களிடம் சொல்லி அண்ணியைப் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்துவிட்டான். பாத்திரம் கழுவும் பெண்களுக்கு நடுவே நின்று, கதவின் வட்டக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சும் கேட்டது. மேனேஜர் வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவனைச் சிரிக்காமல் வீட்டுக்கு அனுப்பினார். சின்னவனுக்கு முன்னால் வந்து, குனிந்து, அவன் ஷூவையே பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

"எங்க வாங்கினது?"

"வாங்கல சார். எங்க அண்ணி தச்சது."

"நல்ல கை. ஒரே தோல்ல வெட்டியிருக்காங்க. அதான் ரெண்டும் இவ்வளவு ஒண்ணா பழகியிருக்கு."

ஆமாம் சார் என்றால் முடிந்தது. அதற்குத்தான் இத்தனை மாதப் பாடு. "ஆமான்னு சொல்லுடா" என்று அக்கா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு முணுமுணுத்தாள். ஆனால் சின்னவன் முகத்தில் வேறென்னவோ பொங்கி வந்துகொண்டிருந்தது. தோல்மண்டியில் அவள் முகம் இருக்கும் அதே கோலம்.

"ஒரே தோல் இல்ல சார்" என்றான். "ரெண்டு குதிரை. ரெண்டு வேற வேற நாடு. ஒண்ணு கல்லு மாதிரி, இன்னொண்ணு வெண்ணெய் மாதிரி. ரெண்டையும் எங்க அண்ணி ஒண்ணா பழசாக வச்சிருக்காங்க. எதுக்குன்னா," என்று சொல்லிக்கொண்டே இடது கால் பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிவிட்டான்.

எதை மறைக்க அவள் தரையில் படுத்து உருண்டாளோ, அதை அவன் எல்லார் முன்னாலும் திறந்து காட்டிக்கொண்டு நின்றான். ஸ்பூன் துடைக்கும் நாற்காலி அவள் கண்முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் தரையில் மண்டியிட்டார். இடது ஷூவைக் கட்டைவிரலால் அழுத்தினார். வலதை அழுத்தினார். மறுபடி இடது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எனக்கு வித்தியாசம் தெரியல" என்றார். "பேன்ட்டை இறக்கு. சூப் ஆறுது. முதல் மேஜை உன்னுது."

சின்னவன் தட்டு எடுக்கச் சமையலறைக்குள் வந்தான். அக்கா அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டா சொன்னே? உன்னை யாருடா கேட்டா?"

"பெருமை தாங்கல அண்ணி" என்றான்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் அதற்குள் கனமான தட்டைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, சூப் ஒரு சொட்டுச் சிந்தாமல், முதல் மேஜையை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.