கேட்டாத்தான் பிஸ்கட்

பையனுக்கு இன்னைக்குத்தான் முதல் ஸ்பீச் தெரபி. ரெண்டரை வயசாகியும் ‘அம்மா’ கூட வரலை.

"கேட்கிறதுக்கு முன்னாடி எதையும் கையில கொடுத்துடாதீங்க. ஒரு சத்தமாவது வரட்டும்"னு தெரபிஸ்ட் மேடம் சொல்லி அனுப்பினாங்க.

காரைக்கால்லேருந்து அம்பகரத்தூர் திரும்புற பஸ்ல, பையிலிருந்த பிஸ்கட்டைக் காட்டி என் கையை இழுத்தான்.

"என்னடா வேணும்? சொல்லு."

அழுதான். அப்புறம் என் முகத்தையே பார்த்தான். உதடு மெல்லக் குவிஞ்சுது. நான் மூச்சே விடலை.

"பச்சப்புள்ளய இப்படியா ஏங்க வைப்பே?"ன்னு பக்கத்து சீட்டு அக்கா, தன் பிள்ளைக்கு வாங்கின பன்னைப் பிச்சு அவன் வாயில வச்சாங்க. கண்டக்டரும் எனக்குப் புத்தி சொன்னார்.

பஸ்ஸே பேசிச்சு. அவனைத் தவிர.

அடுத்த வாரமும் இதே பஸ்தான். உங்கள்ல யாராவது ஏறினா என்னை நல்லாத் திட்டுங்க, பரவாயில்லை. அவனுக்குத் தின்ன மட்டும் எதுவும் கொடுத்துடாதீங்க.