முப்பது நாள் அக்கா

டயர் கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் அக்காவின் நடை தானாகத் தளர்ந்துவிடும். புது ரப்பர் வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நிற்பாள். "பூக்கடையில நிக்க வேண்டிய பொம்பளை டயர் கடையில நிக்கிறா பாரு" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அவருக்கென்ன தெரியும்! அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான இரண்டு வருடங்கள் ஒரு டயர் கடையின் மாடியில்தான் கழிந்தன.

அதற்கு முன் பதினைந்து வருடம் பாத்திரக் கடையில் நின்று நின்று கால் வீங்கியவள் அவள். ஒருநாள் பெரிய குக்கர் கேட்டு வந்த இளைஞனிடம், "தனியாத்தானே இருக்கீங்க தம்பி? இவ்வளவு பெரிசு எதுக்கு? காசைக் கரியாக்காதீங்க, சின்னதை எடுத்துக்கங்க" என்றாள். மறுநாள் அவன் திரும்ப வந்தான், குக்கருக்காக அல்ல. சின்னக் கடைகளுக்கு பில் அடித்துக் கொடுக்கும் கையடக்க மெஷின் ஒன்று செய்திருக்கிறானாம். கம்பெனி ஆரம்பித்து நாலு மாதமாம். விற்கத்தான் ஆள் இல்லையாம். நாற்பத்திரண்டு வயதில் அக்கா வேலையை விட்டுவிட்டு, அவன் கம்பெனி இருந்த டயர் கடை மாடியேறினாள். சொந்தக்காரர்கள் வாய்விட்டே சிரித்தார்கள்.

அறையில் நாற்காலி இரண்டு, ஆட்கள் ஏழு பேர். அதனால் காலைக் கூட்டம் எப்போதும் நின்றபடிதான். ஆட்களையெல்லாம் அக்காவே பிடித்தாள். செருப்புக் கடையில் பொறுமையாகப் பத்து ஜோடி எடுத்துக் காட்டிய பெண்ணை அங்கேயே கேட்டு அழைத்து வந்தாள். கூரியர் கொடுக்க வந்து, கதை பேசிக்கொண்டே அரை மணி நேரம் நின்றவன்தான் நெட்டை. அவன் வாய் இருக்கிறதே, அப்பப்பா, கல்லும் கரைந்து கையெழுத்துப் போட்டுவிடும்.

முதல் மாதம் பத்து மெஷின் விற்றார்கள். ஒரே ஆட்டம்தான். அடுத்த மாதம் அப்படி மெஷின் வாங்கிய ஒரு கடைக்குள் அக்கா எட்டிப் பார்த்தாள். மெஷின் மேல் துண்டைப் போர்த்தி மூலையில் வைத்துவிட்டு, கடைக்காரர் பழையபடி கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். பேப்பர் தீர்ந்துவிட்டதாம். மாற்றத் தெரியவில்லையாம். கேட்கக் கூச்சமாம். அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது.

அன்றைக்கு அவள் போட்ட சட்டம்தான் அவளுக்கு 'முப்பது நாள் அக்கா' என்று பேர் வாங்கிக் கொடுத்தது. விற்ற அன்று சுவரில் இருக்கும் விற்பனைக் கணக்குப் போர்டில் எதையும் எழுதக் கூடாது. முப்பதாம் நாள், விற்றவரே கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மெஷின் ஓடினால் மட்டும் வந்து எழுதலாம். துண்டு போர்த்தியிருந்தால், சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். "இன்னிக்கு எந்தத் துண்டுக்கு டீ?" என்று கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் படியேறுவார்கள். டீ வாங்கியே நொந்துபோன நெட்டை, பேப்பர் மாற்றுவதை ஒரு பாட்டாகவே கட்டிப் பாடிக் காட்டுவான். அப்படி வயிறு வலிக்கச் சிரித்த சிரிப்பு அக்காவுக்கு அதற்கப்புறம் வாய்க்கவேயில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் கம்பெனிக்கு மூச்சுத் திணறியது. முதலீடு போடுவதாக ஒரு பெரிய மனிதர் நேரில் பார்க்க வந்தார். அந்த மாதம் முப்பத்தெட்டு மெஷின் விற்றிருந்தார்கள். முந்தின நாள் மட்டும் ஏழு. ஆனால் முப்பது நாள் தாண்டியும் ஓடுவதாகப் போர்டில் ஏறியிருந்தது ஒன்பதுதான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் முப்பத்தெட்டுன்னு எழுதிடுங்க. பொய் இல்லையே, நிஜமாவே வித்ததுதானே" என்று கம்பெனி ஆரம்பித்த தம்பி கெஞ்சினான்.

"எழுதுங்கக்கா" என்றான் நெட்டை. அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

அக்கா பேனாவைக் கையில் எடுத்தாள். கை போர்டு வரை போனது. "வேணாம் தம்பி. இன்னிக்கு எழுதிட்டா நாளைக்கு எவன் கடைக்குப் போய்ப் பார்ப்பான்? நானே போக மாட்டேன்" என்று பேனாவை மூடிவிட்டாள். வந்தவரிடம் எதையும் மறைக்காமல் விளக்கிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல பழக்கம்தான். ஆனா ரொம்ப மெதுவாப் போறீங்க" என்று சிரித்துவிட்டுப் போனவர் போனவர்தான்.

போர்டில் முப்பத்தெட்டு என்று இருந்திருந்தால் அவர் பணம் போட்டிருப்பாரா? அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று வாரத்தில் கம்பெனியை மூடினார்கள். கடைசி நாள் நெட்டை எல்லோர் முன்னாலும் வெடித்தான். "உங்க பிடிவாதத்தை வச்சு நீங்களே அழகு பாருங்க. ஏழு குடும்பம் தெருவுக்கு வந்தாச்சு. எல்லாம் வெத்துச் சட்டம்கா!" அவன் படியிறங்கிய சத்தம் தேயும்வரை அக்கா போர்டைப் பார்த்தபடி நின்றாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆள் சேர்த்தோம், ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம் என்று நினைத்ததெல்லாம் தன்னுடைய பைத்தியக்காரத்தனமோ என்று மனசு அரித்தது.

பெரிய மனிதர் வந்ததற்கு முந்தின நாள் விற்ற அந்த ஏழு மெஷினுக்கும் முப்பதாம் நாள் வந்தது.

"சம்பளம் தர ஆளில்ல, யாருக்காகப் போற?" என்றார் வீட்டுக்காரர். ஏழு முகவரியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் கடை பெயின்ட் கடை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"காலையிலேயே ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரேம்மா" என்றார் கடைக்காரர். "பேப்பர் மாத்தவும் சொல்லிக் குடுத்தாரு. பாட்டெல்லாம் பாடினாரு."

அக்கா அடுத்த கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அங்கே நெட்டை முட்டிபோட்டு உட்கார்ந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் வேர்வை ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபம் இன்னும் ஆறவில்லை.

"நாலு முடிச்சாச்சு. இதோட அஞ்சு" என்று மெஷினைப் பார்த்தே சொன்னான். "மார்க்கெட் பக்கம் ரெண்டு பாக்கி. அதை நீங்க பாருங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், பொண்ணு பொறந்திருக்கா."

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற வெட்கம்கூட இல்லாமல் அக்கா அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தாள்.