துடைக்காமல் குடிவருவது எது?

இந்த ஜெர்மனியில் கரண்ட் போவதே இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் கீழ்பென்னாத்தூரில் கரண்ட் நின்றால் மிக்ஸி நிற்கும், ஃபேன் நிற்கும், நாமும் கொஞ்சம் காலை நீட்டுவோம். இங்கே எதற்கும் ஓய்வு கிடையாது. மகள் கலா வீட்டு டிவிக்குக் கீழே, செருப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டர். குடும்பத்துப் போட்டோ, வீடியோ, படம் எல்லாம் அதற்குள்தான். எதைக் கேட்டாலும் டிவிக்கு எடுத்துக் கொடுக்கும். ராப்பகலாக முனகிக்கொண்டே கிடக்கும்.

ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ஒயரைப் பிடுங்கி விட்டேன். என் வீட்டுக்காரர் மைக் செட் கடை வைத்திருந்தவர். அன்று அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள் மாலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் வெளியே போகாது.

வேலை முடிந்து வந்த கலா தலையில் அடித்துக்கொண்டாள். "யம்மா, இன்னாமா பண்ணிட்ட? பழைய டிஸ்க்கு கெட்டுப்போவுதுன்னு புதுசுக்கு ஏத்திக்கினு இருந்தேன். பாதியில புடுங்கிட்டியே!"

"பூஜை அன்னிக்கு அதுக்கு இன்னாடி வேலை?" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் ஒயரைச் சொருகினோம். விளக்கு எரிந்தது, பெட்டி எழுந்திருக்கவில்லை. "அதுலதாம்மா அப்பா குரல் இருக்குது. வேற எங்கயும் வெக்கல" என்றாள் கலா. நான் ஒயரைக் கழற்றி மறுபடி மறுபடி சொருகிப் பார்த்தேன்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்குப் பக்கத்துப் பந்தலில் உட்கார்ந்து, கிரிவலம் வந்த கூட்டத்தில் காணாமல் போனவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. ஊரார் பேரெல்லாம் வாய் நிறைய வரும். வீட்டில் எனக்கு மட்டும் 'ஏய்', 'இந்தா'தான். அவருடைய கடைசி வருஷம், கூட்டத்தில் நானே தொலைந்து போய்விட்டேன். அன்றுதான் மைக்கில் என் பேரைச் சொன்னார். ஊருக்கே கேட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. லீவில் வந்திருந்த கலா அவர் பக்கத்தில் நின்று அதைச் செல்போனில் பிடித்திருந்தாள்.

கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டு யோஹான் வந்தார். முதல் வேலையாகச் சந்தனப் பொட்டை அழுக்கென்று துடைத்தார். நான் மறுபடி வைத்தேன். அவர் மறுபடி துணியை எடுக்க, கலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியை நடத்துகிற சிஸ்டம் செத்துவிட்டதாம், வேறு போட வேண்டுமாம். ஒன்று, படம் படமாக வரும், குழந்தைகூட நடத்தலாம், ஆனால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் உட்காரும். இன்னொன்று இலவசம். பழைய டிஸ்க்கை இருக்கிறபடியே படித்துப் பார்க்கும், ஆனால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். எதை இழந்தால் பரவாயில்லை என்று கலா வழியாக என்னைக் கேட்டார்.

"ஒருத்தர் ஊட்டுக்கு வந்து கேக்கற கேள்வியாடி இது?" என்றேன். கலா அதை அவரிடம் சொல்லவில்லை.

"அந்த எழுத்து சிஸ்டம் வேணாம்மா. உன்னால ஒண்ணுமே பாக்க முடியாது" என்றாள்.

மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இருந்தாலும் சொன்னேன்: "தொடைக்காம எது குடிவருமோ அத்தப் போடு. பாக்கறதுக்கா கேக்கறேன்?"

கறுப்புத் திரையில் எழுத்து மழையாகக் கொட்டியது. பாதி டிஸ்க்கைப் படிக்கவே முடியவில்லை. கல்யாண வீடியோ போயிற்று. பேத்தியின் முதல் நடை போயிற்று. கலா அழுதாள். நான் அருணாசலா, அருணாசலா என்றுகொண்டே இருந்தேன். கடைசியில் கொரகொரவென்று சத்தம், கூட்டத்தின் இரைச்சல், பிறகு அவர்.

"கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருக்கும் முனியம்மாள், எங்கிருந்தாலும்..."

என் பேரோடு அவ்வளவுதான் மிஞ்சியது. யோஹான் எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பந்தலுக்குத்தான், அங்கே இப்போது வேறு யாரோ கூப்பிடுகிறார். ஆனாலும் கலா அதைப் போடும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். 'எங்கிருந்தாலும்' என்றதோடு பெட்டி நின்றுவிடுகிறது. நான் செருப்பைத் தேடிக்கொண்டு ஜெர்மனியில் நிற்கிறேன்.