சவுக்கு வேண்டாம் என்றேன்

திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் முன்பக்கம் பெஞ்சு, பின்பக்கம் பாய். கர்த்தருக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று போதகர் பெஞ்சைப் பார்த்துத்தான் பிரசங்கிப்பார். பெஞ்சில் கச்சேரிக் குமாஸ்தாக்கள், ஓவர்சியர், டாக்டர் வீட்டார். பாயில், தெற்கே எங்கள் பக்கத்திலிருந்து கூலிவேலைக்கு வந்த சனங்கள். நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் எனக்குப் பெஞ்சு கிடைத்தது. ஞாயிறு பள்ளியில் பாய்ப் பிள்ளைகளின் வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். அந்த வகுப்புதான் எனக்குப் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கோயிலுக்குள் மரம் நிறுத்துவோம். பரிசுப் பொட்டலங்களை அதில் தொங்கவிட்டு, மேலே ஒட்டிய சீட்டை வாசித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளை எல்லோரும் பார்க்க நடந்துபோய் வாங்கிவரும். இதெல்லாம் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு. பாய்ப் பிள்ளைகளுக்கு, கூட்டம் கலைந்த பிறகு பின்வாசலில் சாக்கிலிருந்து ஆளுக்கொன்று. பெயரும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அந்த வருடம் நான் போதகரிடம் மல்லுக்கு நின்றேன். என் பிள்ளைகளின் பெயரையும் கூப்பிட வேண்டும் என்றேன். "மரம் தாங்கும்னா கெட்டித் தொங்க விடுங்க, டீச்சர்" என்று ஒருவழியாக இறங்கிவந்தார். பத்தொன்பது சீட்டுகளையும் என் கையாலேயே எழுதினேன். வீட்டில் குட்டி, கறுப்பி என்று கூப்பிடப்படுகிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயரை முழுதாக எழுதினேன். வகுப்பிலும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அதுகளுக்கு வேறு பேச்சில்லை.

கமிட்டிக்கு மூன்று மரங்கள் வந்தன. ஒன்று கடற்கரைச் சவுக்கு. இரண்டு ஆள் உயரம், உடம்பெல்லாம் கிளை. அடுத்தது போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சைப்ரஸ். வாசனை தூக்கியது, ஆனால் மலையிறங்கிய வண்டியில் ஒரு பக்கமே நசுங்கிப் போயிருந்தது. மூன்றாவது யாரோ பெரிய உத்தியோகஸ்தர் பங்களாவில் வெட்டிக் கொடுத்த அரோகேரியா. தட்டுத் தட்டாக நின்றது. தட்டுக்கு ஐந்தாறு கிளை, நடுவில் வெறும் இடம். சீமையிலிருந்து வரும் வாழ்த்து அட்டையில் பார்த்த மரத்துக்கு அதுதான் கிட்டத்தில் இருந்தது.

"டீச்சர் சொல்லட்டும். படிச்ச பிள்ளையாக்கும்" என்றார் போதகரம்மா. கமிட்டியில் ஒரு பெண்ணிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைமைக் குமாஸ்தா ஒருவர் சிரித்துக்கொண்டே, "டீச்சருக்கு ஊருல சவுக்குதானே பழக்கம்?" என்றார்.

சுருக்கென்றது. உண்மைதான். என் அம்மா சவுக்குச் சருகு வாரி அடுப்பெரித்துத்தான் எங்களை வளர்த்தாள். நானும் கூடவே வாரியிருக்கிறேன். அது இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று உடம்பு கூசியது.

"சவுக்கு வேண்டாம். அது விறகு. அரோகேரியாதான் லட்சணம்" என்றேன்.

"நல்ல ரசனை" என்றார் அதே மனிதர். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. என் பையிலிருந்த பத்தொன்பது சீட்டுகளை அப்போது நான் நினைக்கவேயில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பெஞ்சுப் பிள்ளைகளின் பொட்டலங்களைக் கட்டியதுமே கிளை நுனிகள் தொங்கிவிட்டன. மெழுகுவர்த்தியும் வைத்தாக வேண்டும். "பாரம் தாங்காது டீச்சர், தீப்பிடிச்சா ஆரு சமாதானம் சொல்லது?" என்று தலைமைக் குமாஸ்தா மிச்சப் பொட்டலங்களைச் சாக்கில் போடச் சொன்னார். போதகர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தைத் தேர்ந்தெடுத்தவள் வாயைத் திறந்து என்ன சொல்வாள்? சவுக்கு வெளியே சுவரோரம் கிடந்தது. அதை நிறுத்துங்கள் என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

சாயங்காலம் ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் பாயில் பத்தொன்பது தலைகள் நிமிர்ந்தன. கடைசிப் பொட்டலமும் போய் மரம் காலியான பிறகும் ஒரு பெண் குழந்தை நிமிர்ந்தபடியே இருந்தாள். எட்டு வயதிருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை.

பின்வாசலில் சாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சீட்டுகள் உள்ளே கிழிந்து கிடந்தன. அவள் தன் பங்குக்கு வந்த கைக்குட்டையை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"எம் பேரு எப்பம் விளிப்பாவ, டீச்சர்?"

"மரம் சின்னது, மக்கா. தாங்கல்ல."

"அந்த மரத்த ஆரு எடுத்தா?"

"கமிட்டியில உள்ள பெரியவங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோல என் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க எடுத்திருந்தா எங்களுக்கும் சேத்துப் பெரிசாட்டு எடுத்திருப்பிய, இல்லியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.