வாள்காரனைப் படித்தவன் மெரிலேண்ட்ஸுக்குப் போன கதை

அரியரத்தினத்தின் தாயும் என் தாயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்த வழியில் அவன் எனக்குத் தம்பி. அவனுக்கு மூத்தவள் இரஞ்சிதம், சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருக்கிறாள். எண்பத்தொன்பதில் அவனை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டதும், இரண்டு வருடம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டதும் அவள்தான். பிறகு அவன் மெல்பேர்னுக்கு வந்து, கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, அதை மூடும்வரை அங்கேயே நின்றான்.

அங்கே சாப்பாட்டு அறையில் ஒரு வியட்நாம்காரன் படித்துவிட்டுப் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்தானாம். ஜப்பான்காரரின் படக்கதை, மங்கா என்கிறார்கள். வாளோடு ஊர் ஊராய் நடக்கிற ஒருவனின் கதை. சண்டை முடிந்துவிட்டது. தன் கையால் செத்தவர்களின் வீடுகளைத் தேடி அவன் போகிறான். போய், உங்கள் பிள்ளை இப்படித்தான் செத்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் வாளை வாசலுக்கு வெளியே மண்ணில் வைப்பான். உள்ளே இருப்பவர்கள் கூப்பிடும்வரை நிற்பான்.

அரியரத்தினம் ஆங்கிலம் படித்ததே அந்தப் புத்தகங்களில்தான். முப்பத்தொரு பாகமும் அவன் வீட்டுச் சாமிப் படத்துக்குக் கீழ்த் தட்டில் இருக்கின்றன. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மூன்றாம் பாகத்தை விரித்துக் காட்டுவான்.

“பாருங்கோ அண்ணை. நாலு பக்கம். ஒரு சொல்லும் இல்லை. பனிக்குள்ள நிக்கிறான், அவ்வளவுதான்.”

தொலைக்காட்சிக்கு அதைக் கார்ட்டூனாக எடுத்தார்கள். அந்த நாலு பக்கத்துக்கும் ஒரு பாட்டைப் போட்டு முடித்துவிட்டார்கள் என்று ஒரு மாதம் புறுபுறுத்தான். பிறகு ஆட்களை வைத்துப் படமாக எடுத்தார்கள். அதில் வாள்காரன் கதவைக் காலால் உதைத்துக்கொண்டு உள்ளே போகிறான். அரியரத்தினம் எழும்பிப் போய் டிவியை நிறுத்தினான். “மரியாதை தெரியாத சனம்” என்றான்.

போன வருடம் அவன் மகள் மிருணாளினிக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் ஆட்களில் கலியாணம் என்றால் புருஷனும் பெண்சாதியும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மெல்பேர்னில் எல்லா வீட்டுக்கும் போனான். சிட்னிக்கு மட்டும் கலியாண அழைப்புக் காட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். அக்காவுக்கும் அப்படித்தான்.

இரஞ்சிதம் பதில் போடவில்லை. இரண்டு கிழமை பொறுத்து எனக்குத்தான் போன் எடுத்தாள். “அவன்ர கலியாணத்துக்கு நான் வரமாட்டன் எண்டு சொல்லிவிடு” என்றாள். சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. தகப்பன் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் இல்லாத மணவறையில் அவன் எப்படி நிற்பான்?

“முழங்கால் ஒப்பரேசன் செய்த காலோட ஒன்பது மணித்தியாலம் எப்பிடிக் கார் ஓடுறது? அக்காவுக்கு விளங்காதோ?” என்று என்னிடம் நியாயம் கேட்டான்.

அவன் மனைவி சிவாஜினி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். “உங்கட வாள்காரன் சப்பான் முழுக்க நடந்து போறான். நீங்கள் மெரிலேண்ட்ஸுக்கு வட்ஸ்அப்பில போறியள். நல்லாய்த்தான் படிச்சிருக்கிறியள், என்ன?”

அந்தச் சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள்.

மூன்று மணிக்கு அக்கா வீட்டு மணியை அழுத்தினான். இப்போதுதான் மணியிலும் கமெரா இருக்கிறதே. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஆர் அது?”

“நான்தான் அக்கா, அரியம்.”

“இங்க ஒருத்தரும் இல்லை.”

நின்றான். கையில் காட், வெற்றிலை, குங்குமம் வைத்த தட்டு. கொஞ்ச நேரத்தில் வீட்டின் பக்கவாட்டுப் படலைக் கதவு திறந்து, அக்காவின் குரல் வந்தது. “மச்சாள், நீ உள்ள வா. தேத்தண்ணி குடி. அவன் நிக்கட்டும்.” சிவாஜினியும் திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

வெயில் நெற்றியில் அடித்தது. கால் கடுத்தது. பக்கத்து வீட்டு லெபனான்காரர் வந்து, பார்சலா, நான் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டார். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடுவதும், யாரோ மூக்கைச் சிந்துவதும் அவனுக்குக் கேட்டது. அந்தப் புத்தகக்காரன் வாசலில் நிற்கிறவனை மட்டும்தான் படமாகக் கீறியிருக்கிறான், உள்ளே இருக்கிறவர்களை ஒரு பக்கத்திலும் கீறவில்லை என்று அப்போதுதான் பட்டதாம். நிற்கிறவனுக்கு என்ன, நின்றால் போதும். கூப்பிடுவதா விடுவதா என்று கிடந்து வேகிறது உள்ளே இருப்பவர்தானே.

உள்ளே நடந்ததைச் சிவாஜினி பிறகு எனக்குச் சொன்னாள். இரஞ்சிதம் போனைக் கையில் வைத்து, மணிக் கமெராவில் தெரிகிற அவனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். “இடக்காலில சாயுறான், பார்.” பிறகு அழுதாளாம். “என்ர மனுசன் செத்துப் பதினொரு வருசம். செத்த வீட்டுக்குப் பிறகு ஒருத்தரும் இந்த வாசல் மிதிக்கேல்லை. பிறந்தது, செத்தது, பெட்டையள் பெரியபிள்ளையானது, எல்லாம் போனுக்குள்ளதான் வருகுது. ஆக்கள் வருகினமில்லை.”

வெளியே அவன் மணியை மறுபடி அழுத்தினான். “அக்கா, நான் நிக்கிறது கரைச்சலெண்டால் போறன். பிழை என்னிலதான். காட்டை வைச்சிட்டுப் போறன்.”

கதவு திறந்தது.

“போறாராம். இவ்வளவு தூரம் வந்து சோறும் தின்னாமல் போறாராம். வாடா உள்ள.”

சாப்பிட்டு முடிந்ததும் கேட்டாள். “சிட்னியில இன்னும் எத்தினை வீட்டுக்கு இப்பிடிப் படம் அனுப்பினனீ?”

“பதினாலு.”

“நாளைக்குக் காலமை குளிச்சிட்டு வெளிக்கிடு. நான் வீடு காட்டுறன்.”

இரண்டு நாள் சுற்றினார்கள். காரின் முன் சீற்றில் அக்கா, பின்னால் தட்டோடு சிவாஜினி. முதலில் போனது பெரியப்பாவின் பேத்தி யோகா வீட்டுக்கு. அவள் தலையைத் துவாயால் சுற்றியபடி கதவைத் திறந்தாள்.

“என்ன மாமி, ஒரு போன் எடுத்துச் சொல்லிட்டு வந்திருக்கலாமே?”

“போனில சொல்லுறதெண்டால் பிறகென்னத்துக்கு வாறது?” என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் இரஞ்சிதம். அரியரத்தினம் வாயைத் திறக்கமுன் அவளே சொன்னாள்:

“எங்கட வீட்டில கலியாணம். நான் ஒரு கிழமை முந்தியே போறன். நீங்கள் எல்லாரும் வந்திட வேணும்.”