நடுவீட்டுச் சாவி

கிலுக்... கிலுக்...

அம்மா எங்கே என்று நாங்கள் தேடியதே இல்லை. இடுப்பில் செருகிய சாவிக்கொத்தின் சத்தமே சொல்லிவிடும். நானும் தம்பியும் வெல்லம் திருடும்போது மட்டும் அந்தச் சத்தம் வராது. கொத்தைக் கையில் பொத்திக்கொண்டு பூனை மாதிரி வந்து முதுகில் ஒன்று வைப்பாள்.

கூட்டேரிப்பட்டுப் பக்கத்தில் எங்கள் பழைய வீடு. அங்கே யாரும் ரூம் என்று சொன்னதில்லை, அறை என்றும் சொன்னதில்லை. எல்லாமே வீடுதான். சாமி படம் இருந்தால் சாமி வீடு. அடுப்பு இருந்தால் அடுப்பு வீடு. நடுவில் இருந்தது நடுவீடு. ஒரு வீட்டுக்குள் இத்தனை வீடு!

அந்த நடுவீட்டில் விதைக்கு எடுத்து வைத்த மல்லாட்டை மூட்டைகள் இருக்கும். வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் மல்லாட்டை. அந்த மண்வாசனைக்கு நடுவே அம்மாவின் கல்யாண பீரோ. ராத்திரியானால் அம்மாவும் நாங்களும் படுப்பது அங்கேதான். சாவி அம்மா இடுப்பில். மூட்டை வேண்டுமென்றால் அப்பாவே வந்து நிற்கவேண்டும்.

“இந்தா, கொஞ்சம் தொறந்து உடேன்...”

“இருங்க, மாவுக் கையி. கழுவிக்கினு வர்றேன்.”

ஊரில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த மனிதர், அந்தக் கதவு முன்னால் துண்டை உதறி உதறித் தோளில் போட்டபடி நிற்பார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால்... வயிறு எரிகிறது. அதனால்தான்.

பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் தம்பி புது வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்கு விழுப்புரத்திலிருந்து நானும் வீட்டுக்காரரும் போனோம். தம்பி பெருமையாகச் சுற்றிக் காட்டினான்.

“இது மாஸ்டர் பெட்ரூம்க்கா. அது பசங்க ரூம். நடுவுல இருக்குதே, இது கெஸ்ட் ரூம், ஏசி போட்டுக்கிறேன். அந்தாண்ட பூஜா ரூம். படிக்கு அடியில ஸ்டோர் ரூம்.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கு இன்னாக்கா... ஹால்ல திவான் போட்டுக்கிறேன். காத்தோட்டமா டிவி பாத்துக்கினு படுத்துக்கும்.”

எனக்கு உச்சிமண்டையில் சுர்ரென்று ஏறியது.

நீங்களே சொல்லுங்கள். காருக்கு இடம் இருக்கிறது. செருப்புக்கு அலமாரி இருக்கிறது. வருஷத்தில் ரெண்டு நாள் வரப்போகிற யாருக்கோ ஏசி இருக்கிறது. பெற்றவளுக்கு ஹாலா? கல்யாணத்துக்குப் போனால் ஒரு ராத்திரி ஹாலில் படுக்கலாம், ஆயுசுக்கும் படுக்க முடியுமா? ஒரு புடவை மாற்ற அவள் எங்கே போவாள்?

அதிலும் மாஸ்டராம்! எனக்குத் தெரிந்த மாஸ்டர் ரெண்டே பேர். விக்கிரவாண்டியில் பரோட்டா வீசுகிறவர் ஒருத்தர், ஜாக்கெட்டை எப்போதும் சின்னதாகத் தைத்துக் கொடுக்கிற டெய்லர் ஒருத்தர். இவன் எப்போது மாஸ்டர் ஆனான்?

பீரோவைத் தேடினால் அது ஸ்டோர் ரூமில், மீதி டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அவள் வந்ததே தெரிந்தது. சத்தமே இல்லை. இடுப்பைப் பார்த்தேன். வளையத்தில் ஒரே ஒரு சாவி, பீரோ சாவி. மற்ற கதவுகள்தான் பழைய வீட்டோடு போய்விட்டனவே.

நேராகத் தம்பியிடம் போய்க் கத்தினேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“சும்மா பேஜார் பண்ணாதக்கா. வேணும்னா கெஸ்ட் ரூம்ல படுத்துக்கட்டும், யாரு வேணான்னா?”

அம்மா குறுக்கே வந்தாள்.

“வேணாம்பா. கெஸ்டு வந்தா எழுந்து போவணும்.”

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். என்னை அகராதி பிடித்தவள் என்று மாமியார் சும்மாவா சொல்கிறார்! விருந்து என்றால் புதுமை என்று போட்டிருந்தது. புதிதாக வந்தவர்தான் விருந்தாளி. கல்யாணமாகி வந்த நாளாய் அந்த மண்ணிலேயே கிடப்பவள் எப்படி விருந்தாளி ஆவாள்? வீடு என்ற சொல் ‘விடு’ என்பதிலிருந்து வந்ததாம். வேலையை விட்டு, பாரத்தை இறக்கிவிட்டு உட்காருகிற இடம். அப்படிப் பார்த்தால் அத்தனை பெரிய வீட்டில் எங்கள் அம்மாவுக்கு வீடே இல்லை.

சாவிகூட போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்லாம். எந்த ஊர்ச் சொல்லானால் என்ன, எங்கள் அம்மா இடுப்பில் ஏறிய பிறகு அது எங்கள் சொல். ஆனால் கொத்து? பூவானாலும் சாவியானாலும் ஒன்றே ஒன்றை யாரும் கொத்து என்று சொல்வதில்லை.

தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அம்மாவோடு மட்டும் போன். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது...

கிலுக்.

“இன்னாம்மா சத்தம்?”

“சாவிடி.”

“ஒத்தச் சாவிக்கு எப்டிம்மா சத்தம் வரும்?”

“அந்த கெஸ்டு ரூம் கதவுல ஒண்ணு சும்மா தொங்கிக்கினு இருந்துச்சு. எடுத்து மாட்டிக்கினேன். பக்கத்து ஊட்டு ஆளுங்களக் கூப்ட்டு பீரோவையும் உள்ள தள்ளிட்டேன்.”

“தம்பி ஒண்ணும் சொல்லலையா?”

“சாவி எங்கம்மான்னு வந்து நின்னான், உங்கப்பா மாதிரியே. யாருனா வந்தா எங்கிட்ட கேட்டு வாங்கிக்கச் சொல்லுன்னேன். தலையைச் சொறிஞ்சுக்கினு போய்ட்டான்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மண்சுவர் இனி வராது. மல்லாட்டை வாசனையும் வராது, பெயின்ட் வாசனைதான். கதவு முன்னால் துண்டை உதறிக்கொண்டு நிற்க அப்பாவும் இல்லை. இருந்தாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்ப ராத்திரி எங்கம்மா படுத்துக்கற?”

“இது இன்னாடி கேள்வி? நடுவூட்லதான்.”