கில்பர்ட் சொன்ன ‘ஆமா’

வெர்னா ஸ்டோல்பே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தெற்கு டகோட்டாவின் பனியிலும் ஒரு பிள்ளையைக்கூடத் தாமதமாகக் கொண்டு சேர்த்ததில்லை. மிச்ச நேரத்தையும் மொத்த மனதையும் ஒரு பழைய மஞ்சள் விமானத்துக்குக் கொடுத்துவிட்டாள். முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள். பேட்டரியும் கிடையாது, சாவியும் கிடையாது. மூக்கிலிருக்கும் விசிறியைக் கையால் இழுத்துச் சுற்றினால்தான் இன்ஜினுக்கு உயிர் வரும்.

கரணம் தப்பினால் மரணம் என்பதை இந்த வேலையைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. வெர்னா மோதிரத்தைக் கழற்றிவிடுவாள். விரலை மடக்காமல் உள்ளங்கையால் மட்டும் இழுப்பாள். இழுத்த வேகத்திலேயே பின்னால் போய்விடுவாள். அதற்கும் முன்னால், விமானத்தின் வாலைக் கயிறு போட்டு வேலிக் கம்பத்தில் கட்டிவிடுவாள்.

“என்ன வெர்னா, மாடு அத்துக்கிட்டு ஓடிருமா?” என்று ஓரின் ஹாகன் கேலி செய்வார். அவரும் விமானக்காரர்தான், ஆனால் கயிறு கட்டாத வம்சம். கையில் எத்தனை விரல் என்று கேட்டால் ஒன்பதரை என்பார்.

“மீதி அரையை எங்க வச்சீங்க ஓரின்?” என்று இவளும் விடமாட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே குறை கணவன் கில்பர்ட். தங்கமான மனிதன். என்ன கேட்டாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி “ஆமா” என்பான். பறக்க வா என்றால் மட்டும் மாட்டான். ஏணியில் மூன்றாவது படியே அவனுக்கு ஆகாது. இருபத்தொன்பது வருஷமாக அவள் பின்னிருக்கை காலியாகவே பறந்தது.

ஜூன் மாதத்து ஞாயிறு. புல்வெளி ஓடுதளத்தில் வழக்கமான பான்கேக் விருந்து. மூன்றாவது பான்கேக்கை முடித்துவிட்டு கில்பர்ட் எழுந்து நின்றான்.

“இன்னிக்கு வர்றேன் வெர்னா. மனசு மாறுறதுக்குள்ள கூட்டிட்டுப் போ.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விசிறி சுற்றும்போது பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டுமே என்று அவனை முதலில் முன்னிருக்கையில் ஏற்றினாள். இன்ஜினைப் பிடிக்கவிடும் சுவிட்ச் எது, முன்னால் தள்ளினால் வேகம் கூடும் வேகப்பிடி எது என்று அவசரமாகக் காட்டிவிட்டு ஓடிப்போய் விசிறியின் முன் நின்றாள். எப்போதும் தன் கண்ணால் பார்க்கிறவள் அன்று வாயால் கேட்டாள்.

“சுவிட்ச் ஆஃப்பா?”

“ஆமா!”

“வேகப்பிடியைப் பின்னாடி இழுத்திருக்கா?”

“ஆமா!”

“பிரேக் மிதிச்சிருக்கியா?”

“ஆமா வெர்னா, ஆமா!”

சுவிட்ச் போடும் முன் பெட்ரோல் ஏறட்டும் என்று சும்மா ஒரு இழுப்புதான் இழுத்தாள். இன்ஜின் முழு வேகத்தில் அலறியது. பழகிய கால் அவளைப் பின்னால் கொண்டுபோனது. அவள் கை இருந்த இடத்தை விசிறி வெட்டிக்கொண்டு போயிற்று. விமானம் முன்னால் பாய, கயிறு விறைத்து, கம்பம் முனகியது. விசிறிக் காற்றில், பின்னால் நின்ற ஓரினின் தட்டு பறந்தது. தலைக்கு வந்தது பான்கேக்கோடு போயிற்று.

வெர்னா மூக்குப் பக்கம் போகவில்லை. இறக்கையைச் சுற்றிப் பின்புறமாக ஓடிவந்து, கதவு வழியாகக் கையை விட்டு எல்லாவற்றையும் அணைத்தாள். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆஃப்னு சொன்னியே கில்! என் கை போயிருக்கும்!”

“ஏறும்போது பிடிமானத்துக்கு எதையோ பிடிச்சுத் தள்ளிட்டேன் போல,” என்றான் அவன், முகம் வெளுத்து. “சுவிட்சை நானே போட்டு வச்சா உனக்கு ஒரு வேலை மிச்சம்னு நெனச்சேன். நீ ஆசையா கேட்ட... ஆமான்னு வந்துருச்சு.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இனி இந்த மனிதன் இந்த ஜென்மத்தில் ஏறமாட்டான் என்பதுதான் அதிகம் வலித்தது. ஓரின் சட்டையில் ஒட்டிய பான்கேக் பாகைத் துடைத்தபடி கம்பத்தருகே குனிந்தார்.

“இன்னொரு முடிச்சு போடட்டுமா வெர்னா?” என்றார், கேலியே இல்லாமல்.

கில்பர்ட் இறங்கவில்லை.

“இறங்கலையா?”

“இப்ப இறங்கினா இன்னும் இருபத்தொன்பது வருஷம் ஆகும். நீ போய் நில்லு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

“சுவிட்ச் ஆஃப்பா?”

கில்பர்ட் சுவிட்சை உற்றுப் பார்த்தான். பிறகு கதவு வழியாகத் தலையை நீட்டினான்.

“தெரியல வெர்னா. நீயே வந்து பாரு.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அவள் கேட்ட முதல் ‘தெரியல’ அது. விசிறியை விட்டுவிட்டு, இறக்கையைச் சுற்றிக்கொண்டு, சிரித்தபடியே பார்க்கப் போனாள்.